பந்தின் மேல் வைத்த கால்

போன வாரம் மூன்று இளம் ரெபரிகள் இலஞ்சியில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அதில் ஒருவன் கையில் செய்தித்தாள். வெளிநாட்டில் எங்கோ ஒரு கறுப்பு ஆட்டக்காரன், தன் காலுக்குப் பந்து வரும்போதெல்லாம் கூட்டம் குரங்கு போலக் கத்துகிறது என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறான். அந்த ஊர் ரசிகர்களோ, நாங்கள் உற்சாகத்தில் கத்தினோம், இவன் தப்பாக எடுத்துக்கொண்டு ஊர்ப் பேரைக் கெடுக்கிறான் என்கிறார்களாம். தம்பி அதை வாசித்து முடித்துவிட்டு, "நல்லவேளை சார், நம்ம ரசிகன் எவ்வளவோ தேவலை. ஒங்க காலத்துல இதெல்லாம் கிடையாதுல்லா?" என்று கேட்டான்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கையிலிருந்த டீ வேட்டியில் சிந்தியது.

"கிடையாதா? உக்காரும்வே, சொல்லுதேன்!" என்றேன். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்போது எழுதும்போதும் கால் தரையில் நிற்க மாட்டேன் என்கிறது.

நான் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவன். வாப்பாவுக்குத் தறி. மகன் மைதீனும், அதாவது நானும், தறியில் உட்காருவான் என்று அவர் நினைத்திருந்தார். எனக்கோ ஓரிடத்தில் உட்காருவதென்றாலே ஆகாது. மதராசுக்குப் போய் டிரில் படித்தேன், பாஸ் செய்தேன், வேலை கிடைத்தது. படிப்பைப் பற்றி இவ்வளவு போதும். ரெபரி வேலையைக் கற்றது தேவசகாயம் சாரிடம்.

தேவசகாயம் சார் போலீசில் டிரில் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். குற்றாலத்தில் ஆனி ஆடி மாதங்களில் சீசன் கோப்பைக்காக நடக்கும் புட்பால் ஆட்டங்களுக்கு அவர்தான் தலைமை ரெபரி; விசிலோடு மைதானத்துக்குள் ஓடுகிறவன் நான். குரலை உயர்த்தவே மாட்டார். மைதானக் கோட்டுக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு, வாயில் ஓர் ஏலக்காயை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏதாவது யோசனை கேட்டால், "விதி என்ன சொல்லுது?" என்பார். நாம் சொன்னால், "பிறகு என்ன?" என்பார். அவ்வளவுதான் அவர் பேச்சு. ஆனால் ஆட்டத்துக்கு முந்தைய சோதனையில் ஒரு இம்மி குறைந்தால் மனிதர் விடமாட்டார்.

அந்தச் சோதனையைச் சொல்ல வேண்டும். குற்றாலச் சாரலில் சுண்ணாம்புக் கோடு நிற்காது, பால் மாதிரி கரைந்து ஓடிவிடும். அதனால் மண்வெட்டியால் விரலாழம் கீறி, உமியைக் கொட்டி மிதித்து விடுவோம். நனைய நனைய உமி மஞ்சளாகத் தெளிந்து தெரியும். பந்துக்குள் ப்ளாடர் என்கிற ரப்பர் பையை வைத்துக் காற்றடித்து, வாயைத் தோல்வாரால் இழுத்துக் கட்ட வேண்டும். முடிச்சு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் தலையால் முட்டுகிறவன் நெற்றி கிழியும். அதைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்க வேண்டும். கடைசியாகக் கால். நம் பையன்கள் அப்போது வெறுங்காலோடுதான் ஆடுவார்கள். கட்டுத் துணியில் ஊசி, விரலில் வளையம், உடைந்த நகம், இதெல்லாம் எதிராளியின் சதையைக் கிழித்துவிடும். வரிசையாக நிறுத்தி, மண்டியிட்டு, ஒவ்வொரு காலையும் கையில் எடுத்து விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

"கண்ணு பொய் சொல்லும்வே, கையால பாரும்," என்பார் சார். இருபத்திரண்டு பேர் காலையும் நான் தொடுகிறேனா என்று குடைக்கு அடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். யாரையும் விட்டுவிடக் கூடாது.

இனி ஆளைச் சொல்கிறேன். மாடசாமி. தென்காசி டீமின் லெப்ட் அவுட், இடது ஓரத்தில் ஓடுகிறவன். ஆற்றுக்கு அக்கரைச் சேரிப் பையன், குற்றாலத்தில் ஒரு பங்களாவில் குதிரைக்குப் புல் அறுத்துப் போடுகிறவன். நெடுநெடுவென்று உயரம். அவன் ஓட்டத்தை எப்படிச் சொல்ல? பந்து காலில் ஒட்டிக்கொண்டுதான் பிறந்ததோ என்று தோன்றும். கோட்டை ஒட்டியே வருவான், தடுக்க நிற்கிற பேக் குறுக்கே பாய்வான், பாய்ந்தவன் சேற்றில் கிடப்பான், இவன் அங்கே போய்க்கொண்டிருப்பான். அடடா! நடுவர் என்பவன் வாயைத் திறந்து ரசிக்கக் கூடாது. நான் விசிலைக் கடித்துக்கொண்டு எத்தனை தடவை அடக்கியிருக்கிறேன்!

கூட்டமும் அவனை ரசித்தது. அதில் பொய் இல்லை. 'கருவண்டு' என்று பட்டப்பேர் வைத்தார்கள். தென்காசி ரசிகர்களுக்குத் தலைவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி. அரிசி ஆலை முதலாளி, ஆள் குட்டை, குரல் கோயில் மணி. டீமுக்குச் சட்டை, வண்டி, சாப்பாடு எல்லாம் அவர் செலவு. அவர் மகன் ராமையாதான் கேப்டன். ஜெயித்தால் கோல் போட்டவன் கழுத்தில் அண்ணாச்சி கையால் சம்பங்கி மாலை விழும். எல்லாரும் அவர் முன்னால் குனிந்து மாலையை வாங்கிக்கொள்வார்கள். மாடசாமி கோல் போட்ட நாளில் மட்டும், மாலையை மகன் கையில் கொடுத்து, "அவனுக்குப் போட்டு விடு," என்பார்.

அப்புறம் அந்தத் தகரம். மாடசாமி முதல் கோல் போட்ட நாளில், சோடாக்கடைப் பரமசிவம் ஒரு காலி சீமெண்ணெய் டின்னை மடியில் வைத்துத் தட்ட ஆரம்பித்தான். டண்டண் டணக்கு, டண்டண் டணக்கு. சாவு வீட்டில் கேட்கிற அடி. கூட்டம் சிரித்து உருண்டது. அன்றிலிருந்து மாடசாமி காலுக்குப் பந்து வந்தால் தகரம். ராமையா காலுக்கு வந்தால், "விடாத ராமையா!" கோல் காக்கிற கோலி பிடித்தால் அவன் பேர், பேக் தடுத்தால் அவன் பேர். மாடசாமிக்கு மட்டும் டண்டண் டணக்கு.

இப்படியே ஒரு சீசன் போய் அடுத்த சீசனும் வந்தது. தென்காசி பைனலுக்கு வந்துவிட்டது. எதிரே பாளையங்கோட்டையிலிருந்து வந்த டீம். அருவியில் குளிக்க வந்தவன், பஜாரில் பழம் விற்கிறவன், செங்கோட்டையிலிருந்து வந்த மலையாளம் பேசுகிறவன் என்று மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றோரம் எங்கும் மனிதத் தலையாகவே இருந்தது. சேரி ஜனங்கள் தனியாக, கோல் கம்பத்துக்குப் பின்னால் புளிய மரத்தடியில் நின்றார்கள்.

நான் வழக்கம்போல் மண்டியிட்டுக் கால் பார்த்துக்கொண்டு வந்தேன். மாடசாமியின் இடது கால் என் கையில் இருக்கும்போது, குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினான்.

"சார், அந்தத் தகரத்த நிப்பாட்டச் சொல்லுவியளா?"

"ஏம்ப்பா?"

"கருவண்டுன்னு கூப்பிடட்டும், போயிட்டுப் போகுது. தகரம் வேண்டாம் சார். நேத்தே அண்ணாச்சி ஆளுககிட்ட சொல்லிட்டேன். சிரிக்காங்க."

"நான் சொல்லிப் பாக்கேன்."

"நிப்பாட்டலன்னா நான் ஓட மாட்டேன் சார். பந்து மேல கால வச்சிட்டு நிப்பேன். அது பவுலா?"

யோசித்துப் பார்த்தேன். "பவுல் இல்ல," என்றேன்.

கயிற்றோரம் போய் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் பரமசிவத்தைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தார். "ஓய் மாஸ்டர், நீரு போய்க் கைய கழுவிட்டு ஆட்டத்தத் தொடங்கும். ரசிகன் கைய நீரு கட்ட முடியாது," என்றார். அந்தக் 'கைய கழுவிட்டு' என் காதில் மிளகாயாக எரிந்தது. வேண்டுமென்றே கழுவாமல் போய் விசிலை ஊதினேன்.

ஆட்டம் தொடங்கிய சூட்டிலேயே ராமையா இடது பக்கம் பந்தைத் தள்ளினான். மாடசாமி வாங்கினான். முன்னால் வெட்டவெளி! பேக் எட்டத்தில் இருக்கிறான், ஓடினால் கோல்தான். டண்டண் டணக்கு என்று தகரம் கிளம்பியது. மாடசாமி பந்தின் மேல் இடது காலை வைத்தான். நின்றான். கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி நின்றான்.

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. பாளையங்கோட்டை பேக்குக்கும் புரியவில்லை. ஏதோ தந்திரம் என்று பயந்து பயந்து வந்து, காலுக்கு அடியிலிருந்து பந்தைப் பிடுங்கி ஓங்கி உதைத்தான். அது நேரே அவர்கள் ஆளிடம் போனது. எங்கிருந்தோ ஒரு அடி. கோல்!

கயிறு அறுந்துபோகிற மாதிரி கூட்டம் எழுந்தது. "ஏலே கருவண்டு! ஒனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு?" "விலைபோயிட்டான்லே சவத்து மூதி!" மறுபடியும் பந்து வந்தது, மறுபடியும் தகரம், மறுபடியும் அவன் நின்றான். நான் ஓடிக்கொண்டே தேவசகாயம் சாரைப் பார்த்தேன். ஆட்டத்தை நிறுத்தட்டுமா என்று கையால் கேட்டேன்.

"விசில் ஒம்ம வாயில இருக்கு. என் வாயில ஏலக்காதான் இருக்கு," என்றார்.

ஹாப்டைமுக்கு ஊதியதும் அண்ணாச்சி கயிற்றைத் தாண்டி வந்துவிட்டார். பின்னால் ஒரு பட்டாளமே வந்தது. அவர் முதலில் என்னிடம்தான் பாய்ந்தார்.

"ஓய் மாஸ்டர், ஆட வந்தவன் ஆடாம நிக்கான். அவன வெளிய அனுப்பும்!"

"அனுப்புதேன் அண்ணாச்சி. பதிலுக்கு ஆள் எறக்க விதி கிடையாது. பத்துப் பேர வச்சி ஆடுதியளா?"

அவர் என்னை விட்டுவிட்டு மாடசாமி பக்கம் திரும்பினார். மற்றவர்களும் திரும்பினார்கள். அப்பப்பா, எத்தனை வாய், எத்தனை நியாயம்!

"தலையில தூக்கி வச்சி ஆடுனதுக்கு நல்ல கைம்மாறு செய்தான் பாத்தியளா!"

"சந்தோசத்துல கொட்டுதோம், அதுல போய் இவன் குத்தம் கண்டுபிடிக்கான்."

"பாளையங்கோட்டைக்காரன் எவனோ தூண்டிவிட்டுருக்கான்லே."

"வெளையாட்ட வெளையாட்டா எடுத்துக்கத் தெரியாதவன் எதுக்கு ஆட வாரான்?"

ஒருவன்கூட, உனக்கு என்ன செய்கிறது என்று அவனைக் கேட்கவில்லை. மாடசாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். சாரல் நெற்றியில் வழிந்தது. பிறகு அண்ணாச்சியைப் பார்த்துப் பேசினான்.

"அண்ணாச்சி, எங்கய்யா ஊர்ச் சாவுக்கெல்லாம் போய் அடிக்க அடி அது. எனக்குத் தெரியாதா? பந்து காலுக்கு வந்த ஒடனே நான் எந்தத் தெருக்காரன்னு கொட்டிக் காட்டுதிய. நான் கோலுக்கு ஓடுதேனா, பொணத்துக்கு முன்னால போறேனா?"

அண்ணாச்சி முகம் சிவந்தது. நெஞ்சில் கை வைத்தார். "ஏலே, எங்க குலசாமி மாடசாமி மேல ஆணையாச் சொல்லுதேன். ஒன்ன எளக்காரம் பண்ணணும்னு எங்க யாரு மனசுலயும் கிடையாது. நீ எங்க வீட்டுப் புள்ள மாதிரில்லா! அது வெறும் சத்தம்லே!"

டீம் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராமையா வெடுக்கென்று அப்பாவைப் பார்த்தான். எனக்கும் ஏதோ உறுத்தியது. என்னவென்று யோசிக்க நேரமில்லை.

"வெறும் சத்தம்தானே அண்ணாச்சி?" என்றான் மாடசாமி. "அப்ப பதினோரு பேருக்கும் அடிக்கச் சொல்லுங்க. கேப்டனுக்கும் அதே அடி. நானும் ஓடுதேன். இல்லன்னா யாருக்கும் வேண்டாம்."

"அதுக்கென்ன, அடிச்சிட்டாப் போச்சு!"

பரமசிவம் டின்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, நம்ம தம்பிக்கா? அதெப்படி..." என்று இழுத்தான்.

"அடிலே, நான் சொல்லுதேன்லா!"

அவர் சொன்னதை எல்லாரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். குடைக்கு அடியில் தேவசகாயம் சார் வாயிலிருந்த ஏலக்காயைத் துப்பிவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டுக்கொண்டார். அவருக்கு ஆட்டம் பிடித்தால்தான் அப்படிச் செய்வார்.

இரண்டாம் பாதி. விசில் ஊதினேன். பந்து நடுவில் புரண்டு, ராமையா காலுக்கு வந்தது. நல்ல இடம், எதிரே ஒரே பேக். பரமசிவம் அண்ணாச்சியைப் பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டான், அடித்தான். டண்டண் டணக்கு!

ராமையா நின்றுவிட்டான். யாரும் சொல்லவில்லை, அவனும் நினைத்துச் செய்யவில்லை. கால் தானாக நின்றுவிட்டது. முகம் கறுத்து, கயிற்றுப் பக்கம் திரும்பி, பந்தின் மேல் கால் வைத்தபடியே நின்றான். அந்த நேரம் பார்த்துப் பாளையங்கோட்டைக் கூட்டத்தில் ஒருத்தன், "ஏ, முதலாளி மகனுக்கும் சாவுக்கொட்டாலே!" என்று கத்தினான். கொல்லென்று சிரிப்பு.

அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்ததை நான் பார்க்கவில்லை, பறந்ததைத்தான் பார்த்தேன். "எவன்லே எம் மவனுக்குக் கொட்டடிக்கது!" என்று பரமசிவத்தின் முதுகில் ஓர் அறை. டின்னை ஒரு உதை. அது ஒரு மூலை நசுங்கி, உருண்டு உருண்டு மைதானத்துக்குள் வந்து, உமிக்கோட்டின் மேல் நின்றது.

"நீங்கதான அண்ணாச்சி அடிக்கச் சொன்னிய!" என்று அலறினான் பரமசிவம்.

மைதானம் கப்சிப். வெறும் சத்தம் என்று சற்று முன்னால் ஆணையிட்டவர், சேற்றில் நின்றுகொண்டு மூச்சு வாங்கினார். அதற்கு மேல் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பேக் வந்து ராமையாவின் காலடியிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு போனான். நான் விசில் ஊதவில்லை. மாடசாமிக்கு எந்த விதியோ அதே விதிதான் கேப்டனுக்கும்.

டின்னைக் கோட்டுக்கு வெளியே தள்ளினேன். ஆட்டம் மறுபடி சூடு பிடித்தது. ராமையா அடுத்த பந்து கிடைத்ததும் இடது பக்கம் தள்ளினான். அதற்கு அடுத்ததையும் இடது பக்கமே தள்ளினான். மாடசாமி வாங்கினான். தகரம் இல்லை. சாரல் இலையில் விழுகிற சத்தமும் அவன் கால் சேற்றை மிதிக்கிற சத்தமும்தான். ஓடினானே பாருங்கள், ஓடினான்! ஒருவனை வெட்டினான், இன்னொருவனை உட்கார வைத்தான், கோட்டு முனையிலிருந்து பந்தைக் குறுக்கே தூக்கினான். ராமையா தலையால் முட்டினான். சமன்!

கடைசியில், வெளிச்சம் மங்கிக்கொண்டு வரும்போது, அதே இடது ஓரம். இந்தத் தடவை குறுக்கே தூக்கவில்லை. உள்ளே திரும்பினான். கோலி முன்னால் வந்தான். அவன் கால் இடுக்கில் பந்தை உருட்டிவிட்டு, இவன் சேற்றில் விழுந்தான். பந்து பைய உருண்டு, உமிக்கோட்டைத் தாண்டியது. நான் அந்தக் கோட்டில் நின்றேன். தாண்டியதை என் கண்ணால் பார்த்தேன். ஊதினேன் பாருங்கள் ஒரு ஊதல், மலையில் மோதித் திரும்பி வந்திருக்கும்!

புளிய மரத்தடியில் ஒரே கூத்து. தென்காசிக் கூட்டமும் குதித்தது. ஆனால் அவனை என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியாமல் 'ஹோ, ஹோ' என்று மட்டும் கத்தியது.

அண்ணாச்சி மாலையோடு வந்தார். பழக்கப்படி மகன் பக்கம் நீட்டினார். ராமையா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "நீங்களே போடுங்கப்பா," என்றான்.

ஊரே பார்க்கிறது. அண்ணாச்சி மாடசாமி முன்னால் போய் நின்றார். அவர் தலை அவன் நெஞ்சுக்குத்தான் வரும்.

"குனிலே," என்றார்.

அவன் குனியவில்லை. "பேரச் சொல்லிக் கூப்பிடுங்க அண்ணாச்சி. குனியுதேன்."

அண்ணாச்சி வாயைத் திறந்தார். மூடினார். பக்கத்தில் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது. மகன் பக்கம் சாய்ந்து, மெல்லக் கேட்டார்:

"ஏலே, இவன் பேரு என்னலே?"

சேறும் சாரலுமாக நின்றவன்தான் சொன்னான்.

"மாடசாமி."

தூக்கிய மாலை அப்படியே நின்றது. அண்ணாச்சியின் முகம் வெளிறிப்போனதைக் கண்ணால் பார்த்தேன். ஹாப்டைமில் நெஞ்சில் கை வைத்து எந்தப் பேரின் மேல் ஆணையிட்டாரோ அது அவருக்கு நினைவு வந்துவிட்டது. உதடு இரண்டு தடவை அசைந்த பிறகுதான் குரல் வந்தது. "மாடசாமி," என்றார். கோயிலில் கூப்பிடுகிற குரல்.

சொன்ன வாக்குப்படி மாடசாமி குனியப் போனான்.

"வேண்டாம், வேண்டாம். நீ நில்லுய்யா," என்று தடுத்தார் அண்ணாச்சி. திரும்பி, "பரமசிவம், அந்த டின்ன எடுத்துட்டு வா," என்றார்.

பரமசிவம் கொண்டுவந்து கவிழ்த்து வைத்தான். மகன் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்த நசுங்கின டின்னின் மேல் அண்ணாச்சி ஏறினார். சாமிக்குப் பயந்துதான் ஏறினார் என்று பரமசிவம் பிற்பாடு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். பயமோ என்னவோ, ஏறினார். இரண்டு கையையும் தூக்கி, விறைத்து நின்றவன் கழுத்தில் தன் கையாலேயே மாலையைப் போட்டார்.

அவர் எடை தாங்காமல் அவர் காலுக்குக் கீழே தகரம் ஒரு தடவை டொண் என்றது. மாடசாமி அதைக் கேட்டுவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தான்.